கேட்டால் சொல்வாள்

திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரு காலை, துணி மூட்டையோடு ஒரு பெரியவர் எங்கள் பெஞ்சுக்கு வந்து, இந்த வண்டி பாண்டிச்சேரிக்குப் போகுமா என்று கேட்டார். அக்கா, "போவாதுங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய்த் தூணோரம் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்புகிற நேரத்தில் நான்தான் ஓடிப்போய், இதிலேயே ஏறி விழுப்புரத்தில் இறங்கினால் அங்கே பாண்டிச்சேரி வண்டி நிற்கும் என்று சொல்லி அவரை ஏற்றினேன். மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று.

"வண்டி போவுமான்னு தானடி கேட்டாரு. போவாதுன்னேன். எப்படிப் போறதுன்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் கிண்டல் இல்லை, அலட்சியமும் இல்லை. விழுப்புரத்தில் இறங்கியபோது அந்தப் பெரியவர் மூட்டைக்கு ஒரு கை கொடுக்கச் சொன்னார். அக்கா மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறி இறங்கி, பாண்டிச்சேரி வண்டி நிற்கும் பிளாட்பாரம் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். நாங்கள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு நேரமாகிவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் அப்படித்தான். கேட்டதை மறுக்கமாட்டாள். கேட்காததைத் தரமாட்டாள்.

எனக்கு அவள் சொந்தம் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவள், என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். கணக்கில் பட்டம் வாங்கி, மெட்ராஸில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தாள். நான் பாலிடெக்னிக் முடித்த கையோடு, அவள் வேலை பார்த்த இடத்திலேயே எனக்கும் வேலை கிடைத்தது. விழுப்புரத்தில் பாண்டி ரோட்டில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர். முதலாளி கோட்டக்குப்பத்துக்காரர், எல்லோரும் பாய் என்போம். வளைகுடாவில் இருந்த தம்பி அனுப்பிய கம்ப்யூட்டர் ஒன்று, அதற்கென்றே வாங்கிய ஏசி ஒன்று, செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்ற சட்டம் ஒன்று. இவ்வளவுதான் சென்டர். காலையில் மாணவர்களுக்குப் பாடம். மதியத்துக்கு மேல் ஊர்க் கடைகளுக்கும் அரிசி மில்களுக்கும் புரோகிராம் எழுதுவது.

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் பெண்பிள்ளைகளுக்கு என்னென்ன நடக்கும் என்பதை நாள் முழுக்கப் பார்த்தவர். அதனாலேயே தன் பெண் தினமும் பஸ்ஸில் போய் வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். ரயில் என்றாலும் துணை வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போனார்.

"எம்பொண்ண தெனமும் கூட்டிக்கினு போயி கூட்டிக்கினு வருவியாம்மா?"

"வருவேங்க."

பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன், என் தங்கை மாதிரி என்றெல்லாம் அவள் சேர்க்கவில்லை. வீடு திரும்பும்போது அப்பாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. அந்தப் பொண்ணு அளந்து பேசுது, நம்பலாம் என்றார். அந்த ஒரு சொல்லின் மேல்தான் என் வேலை நின்றது.

எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. அவளிடம் சொன்னது வேறு காதுக்குப் போகாது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள். அப்படியென்றால் எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் அது பெரிய ரகளையாகிவிட்டது. அழுததை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் ஆறுதலும் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. வீடு வரைக்கும் வர்றீங்களாக்கா என்று கேட்டேன். அன்றைக்கு அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என்னோடு நடந்துவந்து, எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

நான் எதையும் வரிசை போட்டு வைக்கிறவள். அவளோடு பழகப் பழக, அவளிடம் கேட்க வேண்டியதையும் வரிசை போடக் கற்றுக்கொண்டேன். இந்த வரி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால், ஏன் என்று மட்டும் சொல்வாள். எப்படிச் சரிசெய்வது என்பது இரண்டாவது கேள்வி. இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்பது மூன்றாவது. மூன்றையும் கேட்டால் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். மூன்றாவதை மறந்துவிட்டால் நஷ்டம் நம்முடையது.

எங்கள் வேலையில் அலுப்பான பகுதி திரைதான். ஒவ்வொரு கடைக்கும் திரையில் கட்டங்கள் வரைய வேண்டும்: பெயருக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று, சேமிக்க ஒன்று. எந்தக் கட்டத்தில் நிற்கும்போது எந்தக் கீயை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இந்தக் கீயா, இல்லையென்றால் அந்தக் கீயா, அதுவும் இல்லையென்றால் என்று ஏணி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தை இடம் மாற்றினால் ஏணி முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. திரையில் என்னென்ன கட்டங்கள், எதில் என்ன நடந்தால் எந்த வேலையைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சாதாரண வரிகளில் எழுதிக் கொடுப்போம்; அதைப் படித்து, பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அந்த ஏணியைத் தானே எழுதித் தருகிற ஒரு புரோகிராம் செய்வோம் என்றேன். பாய் அதற்கு ரைட்டர் என்று பெயர் வைத்தார், போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவரைச் சொல்வது மாதிரி. காலையில் வந்ததும், ரைட்டர் எழுதிட்டாரா, இன்னும் மாமூலுக்குக் காத்துக்கினு கீறாரா என்று கேட்பார்.

படிப்பதும் எழுதுவதும் என் பகுதி. எழுதி வந்த புரோகிராம் ஓடும்போது கீகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் நடுப்பகுதியை அக்கா செய்தாள். அது அழகான வேலை. ஒவ்வொரு கட்டமும், எனக்கு இந்தக் கீ வந்தால் கூப்பிடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும். நடுப்பகுதி அதன்படி மட்டும் கூப்பிடும். யாரும் கேட்டுவைக்காத கீ வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்தக் கடைசி விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. அப்படி வரும் கீக்கு ஒரு பதிலாவது வேண்டாமா என்றேன். கேக்காதவங்களுக்கு எதுக்குடி குடுக்கணும் என்றாள்.

ரைட்டர் எழுதிய முதல் புரோகிராம் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்குப் போனது. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் அந்த ஆபீஸ் கிளார்க் மாடியேறி வந்தார். சட்டை நனைந்திருந்தது. காலையிலிருந்து ஏற்றிய சரக்கு ஒன்றுகூடக் கம்ப்யூட்டரில் இல்லை. போய்ப் பார்த்தோம். கடைசிக் கட்டத்துக்கு எழுதிய வரிகளில் சேமிக்கும் கீ விட்டுப்போயிருந்தது. அந்தக் கட்டத்தில் நின்று அதை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. வேறு நாள்களில் அவர் மேல் கட்டத்துக்குப் போய் அமுக்குவார். அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று இருந்த இடத்திலேயே அமுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கிறார்.

"அந்தக் கட்டம் அந்தக் கீயக் கேக்கல, அதான் விட்டுடுச்சு" என்றாள் அக்கா.

கிளார்க் அவளையே பார்த்தார். "விட்டுடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாமா? நான் பாட்டுக்கு அமுக்கிக்கினு கீறேன், அது பாட்டுக்கு வாய மூடிக்கினு கீது. மல்லாக்கொட்டை மூட்டைய ஏத்திக்கினு லாரி திருச்சி ரோட்டுல போயிக்கினு இருக்கு. எது யாருதுன்னு நான் யாரப் போயிக் கேப்பேன்?"

அன்றைக்கே ரைட்டரில் நான் ஒன்று சேர்த்தேன். யாரும் கேட்காத கீ வந்தால், கடைசியில் ஒரு இடம் அதை வாங்கிக்கொள்ளும். ஒரு பீப் ஒலிக்கும். திரையின் அடியில் ஒரு வாக்கியம் வரும். தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் கிடையாது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினேன்: இந்த பட்டனுக்கு இங்க வேலை இல்ல, வேற பாருங்க. கிளார்க்குக்கு அது பிடித்துவிட்டது. வேண்டுமென்றே தப்பான பட்டனை அமுக்கி வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அக்கா, வெட்டிப் பேச்சு என்றாள். ஆனால் எடுக்கவில்லை.

பாயின் தம்பி லீவில் வந்தபோது மௌஸ் வந்தது. நாங்கள் யாரும் அதற்குமுன் தொட்டதில்லை. மேஜையில் வழுக்கியதால் ஒரு மாணவனின் பரீட்சை அட்டையை வாங்கி அதன்மேல் வைத்து ஓட்டினோம். எலி வந்துடுச்சு, இனிமே பூனைக்கு வேற சம்பளம் குடுக்கணும் என்றார் பாய்.

அதுவரைக்கும் எங்கள் புரோகிராம்கள் கேள்வி கேட்கும், ஆள் பதில் சொல்வார்: பெயர் என்ன, சரக்கு என்ன, சேமிக்கவா. வரிசை புரோகிராமின் கையில் இருந்தது. மௌஸ் வந்ததும் அது தலைகீழானது. ஆள் எங்கே வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தட்டுவார். புரோகிராம் வரிசையை விட்டுவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும். தட்டியவருக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். பழைய ஏணிகள் எல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போயின. ரைட்டர் மட்டும் தாங்கியது, அக்காவின் நடுப்பகுதி அப்படிக் கட்டப்பட்டிருந்ததால். கீ என்று இருந்த இடத்தில் மௌஸையும் சேர்த்தோம், அவ்வளவுதான். அன்றைக்கு அக்கா சிரித்ததைப் பார்த்தேன். "இப்ப தான் இது உருப்படியா இருக்கு. தட்டுனா தான் தொறக்கணும்" என்றாள்.

அவள் மேல் எனக்கு முதன்முதலாக ஒரு சங்கடம் வந்ததும் அந்த நாள்களில்தான். எங்களிடம் இருந்த பாஸ்கலில், இந்தக் கட்டத்தைத் தட்டினால் இந்த வேலையைச் செய் என்று அந்த வேலையையே கட்டத்தோடு கட்டிவைக்க வழியில்லை. எண்ணைத்தான் வைக்க முடியும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்த வேலை என்று ஒரு நீளமான பட்டியலை ரைட்டர் எழுதும்படி செய்திருந்தேன். எண் ஒன்று பிசகினால் அச்சடிக்கத் தட்டியவருக்கு அழித்துவிடும். அதை ஒழுங்குபடுத்துவதற்கே எனக்கு வாரக்கணக்கில் ஆனது. நடுவில் பலமுறை அக்காவிடம் போய்ச் சந்தேகம் கேட்டேன். பொறுமையாகச் சொல்லித் தந்தாள்.

முடித்த பிறகு ஒருநாள், அவள் ஃப்ளாப்பிப் பெட்டியில் பாஸ்கலின் புதுப் பதிப்பு இருப்பதைப் பார்த்தேன். அதில் வேலையையே ஒரு மாறியில் வைத்துக் கட்டத்தோடு கட்டிவிடலாம். எண்ணும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம். இது எப்போது வந்தது என்று கேட்டேன். நீ ஆரம்பிக்கும்போதே இருந்துச்சு என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எண் எப்படிப் போடுறதுன்னு கேட்ட, சொன்னேன். எண் இல்லாம முடியுமான்னு நீ கேக்கலையே."

நான் மூன்றாவது கேள்வியை மறந்திருந்தேன். தப்பு என்னுடையதுதான் என்று அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேரணி ஸ்டேஷன் வரைக்கும் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது. மயிலத்தில் வண்டி நின்றபோது, அவள் எனக்கும் சேர்த்து முறுக்கு வாங்கினாள். வாங்கித் தாங்க என்று நான் கேட்டிருந்தேன்.

புது வசதியை வைத்து ரைட்டரைத் திருத்தி எழுதினேன். பாதியாகச் சுருங்கியது, இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. பாய் அதைப் பார்த்துவிட்டு ஒரு திட்டம் போட்டார். பாண்டிச்சேரியில் பெரிய நர்சிங் ஹோம் ஒன்று கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. அவர்களுக்குத் திரை எல்லாம் மௌஸில் தட்டுகிற மாதிரி வேண்டும். அந்த வேலை கிடைத்துவிட்டால் திண்டிவனத்தில் ஒரு கிளை திறக்கிறேன், அதை நீ பாத்துக்கோ என்றார். திண்டிவனத்தில் என்றால் ரயில் வேண்டாம், துணை வேண்டாம், அப்பாவின் அனுமதிக்கு அவ்வளவு பேச்சு வேண்டாம். என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம், இதோ இந்தத் தெருவில்தான் வேலை என்று சொல்லலாம். நான் மனதுக்குள் நாற்காலிகளைக்கூட வரிசையாகப் போட்டுவிட்டேன்.

பாண்டிச்சேரிக்குக் காட்டப் போவதற்கு அப்பாவிடம் பாயே நேரில் வந்து கேட்டுக்கொண்டார். அக்காவையும் கேட்டார், நீயும் வர்றியாம்மா என்று. வரலீங்க பாய் என்றாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நர்சிங் ஹோமில் எங்களை உட்காரவைத்து, மேனேஜர் மோர் கொடுக்கச் சொன்னார். நாங்கள் வந்த காரியத்தைப் பாய் சொன்னதும் அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. அந்த வேலையைப் போன வாரமே ஒரு மெட்ராஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோமே என்றார். பார்க்கலாம் என்று உள்ளே கூட்டிப்போனார். திரையைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை நம்புவதற்கு ஒன்று செய்ய வேண்டியிருந்தது. நான் கீபோர்டில் ஒரு தேவையில்லாத கீயை அமுக்கினேன். பீப் ஒலித்தது. திரையின் அடியில் வந்தது: இந்த பட்டனுக்கு இங்க வேலை இல்ல, வேற பாருங்க.

மேனேஜர் சிரித்தார். நல்லா தமாஷா எழுதியிருக்காங்க, எழுதுனவங்களே வந்து போட்டுக் குடுத்தாங்க, ஒரு லேடி என்றார்.

திரும்பும் பஸ்ஸில் வளவனூர் தாண்டியதும் பாய் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அது உன் வார்த்தைதானேமா?"

"ஆமாங்க பாய்."

"நீ யாருக்காச்சும் குடுத்தியா?"

இல்லை என்றேன். அவர் சரி என்றார். அந்தச் சரியில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் காலை ரயிலில் அக்கா எப்போதும்போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். இரவெல்லாம் கேள்விகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஒன்றைக்கூட விடக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

"ரைட்டர மெட்ராஸ் கம்பெனிக்கு நீங்க குடுத்தீங்களாக்கா?"

"குடுத்தேன்."

"யார் கேட்டாங்க?"

"அந்தக் கம்பெனியிலருந்து கம்ப்யூட்டரு கிளீன் பண்ண வருவாரே, அவரு. நீ அரிசி மில்லுக்குப் போயிருந்த அன்னைக்கு. பாத்துட்டு, ஒரு காப்பி கெடைக்குமான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

அது கேள்வி இல்லை அவளுக்கு. நான் மாற்றிக் கேட்டேன். மெட்ராஸுக்குப் போனீங்களா? போனேன். எப்போது? நடுவில் ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. எனக்குத் துணை இல்லாததால் நானும் லீவு போட்டிருந்தேன். உடம்பு சரியில்லையா என்று திங்கட்கிழமை கேட்டதற்கு, நல்லாதான் இருக்கு என்று சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமைதான். பாண்டிச்சேரியில் போட்டுக் கொடுத்தது நீங்களா? ஆமா. எப்போ? ஞாயித்துக்கெழம. நாங்க அங்க போறது தெரியும்ல? தெரியும். அங்க அது ஓடிக்கினு இருக்குறது?

"தெரியும்."

எதிர்ப்பக்கம் ஒரு அம்மா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன்.

"அவங்க உங்கள, இது நீங்க எழுதுனதான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். எழுதுனேன்ல?"

"நான்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கிற முகம் இல்லை அது. சரியாகச் சொல்ல யோசிக்கிற முகம்.

"தனியா எழுதுனீங்களான்னு அவங்க கேக்கலடி."

வேலை கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். கொடுத்திருக்கிறார்கள். எப்போது போகிறாள் என்று கேட்டேன். அடுத்த வாரம். நான் கேட்காமல் இருந்திருந்தால், அடுத்த வாரம் ஒரு காலையில் பிளாட்பாரத்தில் தனியாக நின்றிருப்பேன்.

சென்டருக்குப் போனதும் பாய் அவளை நேரடியாகக் கேட்டார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள், நான் கேட்டதைவிடத் தெளிவாக. அவர் கத்தவில்லை. பேஜாரு பண்ணிட்டியேமா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். கேட்டிருந்தா சொல்லிருப்பேன் பாய் என்றாள். அவளுக்குத் தரவேண்டிய சம்பளத்தை அப்போதே கொடுத்தனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். கிளை இப்போதைக்கு இல்லை என்றார். பிறகு, "நீ வாம்மா. எழுதுன கை உன்னோடது. இத விட நல்லதா ஒண்ணு எழுதுவோம்" என்றார்.

ஆக, எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம் இருந்தது: தினமும் விழுப்புரம் போய் வருவது. அது அப்பாவின் கையில் இருந்தது.

அக்கா மெட்ராஸ் போகப்போகிற சேதி தெருவுக்குத் தெரிந்ததும், அப்பா அவளை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். ரைட்டர் விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வேலையே வேண்டாம் என்பார்கள். அக்கா வந்தாள். அம்மா காபி கொடுத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"நீ போயிட்டா இவ தனியாத்தான் வரணும்" என்று ஆரம்பித்தார் அப்பா. "சாயங்கால வண்டியில வேலைக்குப் போற பொண்ணுங்க வேற யாராச்சும் வர்றாங்களாம்மா?"

"இல்லீங்க."

"ஆம்பளைங்க?"

"நெறைய பேரு வருவாங்க."

"திண்டிவனம் வர்றதுக்குள்ள இருட்டிடுதா?"

"மழைக்காலத்துல இருட்டிடுங்க."

மூன்றும் உண்மை. ஆனால் அந்தச் சாயங்கால வண்டியில், விழுப்புரம் மார்க்கெட்டில் கீரையும் வெள்ளரியும் விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்புகிற பெண்கள் ஒரு பெட்டி நிறைய வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் திண்டிவனத்தில்தான் இறங்குவார்கள். எங்களுக்கு இடம் போட்டு வைப்பார்கள். என்னைக் கம்ப்யூட்டரு பாப்பா என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவனை, அடுத்த ஸ்டேஷனில் கூடையாலேயே தள்ளி இறக்கிவிட்டார்கள். அக்காவும் நானும் தினமும் அந்தப் பெட்டியில்தான் வந்தோம்.

"கூடைக்கார அம்மாங்க பெட்டி நெறைய வருவாங்கப்பா" என்றேன். "திண்டிவனம் வரைக்கும் வருவாங்க."

"நீ சும்மா இரு. போவணும்னா நீ எது வேணா சொல்லுவ. அந்தப் பொண்ணு இருக்குறத இருக்குற மாதிரி சொல்லுது."

அக்கா காபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பி, அப்படியாம்மா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் ஆமாங்க என்றிருப்பாள். நான் அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்க இனி ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார்.

"திங்கக்கெழமையிலருந்து போவ வேணாம்" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. நல்லதுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

அக்கா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். வழியனுப்ப நான் கேட் வரைக்கும் போனேன். தெருவில் பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டபோது கேட்டேன்.

"கூடைக்கார அம்மாங்க ஞாபகம் உங்களுக்கு வரலையாக்கா?"

"வந்துச்சு."

"நான் வேலைக்குப் போவணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு" என்றாள்.

சொல்லிவிட்டு உடனே போகவில்லை. கேட்டின் அந்தப் பக்கம் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த கேள்விக்காக நிற்கிறாள் என்று புரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்டைச் சாத்தினேன்.